முன்குறித்தலை நம்புகிறவர்கள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது பொருந்துமா?

ஆற்றங்கரை:
வணக்கம். நாங்கள் தலைமுறையாக சிஎஸ்ஐ. வீட்டில் எல்லாருக்கும் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம், வளர்ந்ததும் திடப்படுத்தல். அண்ணன் மட்டும் சில வருடங்களாக ஒரு சீர்திருத்த பாப்டிஸ்ட் சபைக்குப் போகிறார். அங்கே முன்குறித்தல், தெரிந்துகொள்ளுதல் (இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்பே தெரிந்தெடுத்தார் என்ற போதனை) என்று 16-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் பெயர்தான் அடிக்கடி வருகிறது, ஆனால் குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்கிறார்கள். கால்வினோ அதற்காகக் கடுமையாக வாதாடியவர். ரோமர் 9-ன்படி பிள்ளைகள் பிறக்கும் முன்பே, நல்வினை தீவினை ஒன்றும் செய்யாதபோதே தேவன் யாக்கோபைத் தெரிந்துகொண்டார் என்றால், குழந்தையின் தலையில் ஊற்றும் தண்ணீர் என்னதான் செய்கிறது? தெரிந்துகொள்ளப்படாத பிள்ளைக்கும் அதே வார்த்தையைச் சொல்லி ஊற்றினால் அது பொய்யாகிவிடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நூலகம்:
முதலில் இரண்டு சண்டைகளையும் பிரித்துக்கொள்ளுங்கள். கால்வின் வழிச் சபைகள் முன்குறித்தலையும் ஏற்றன, குழந்தை ஞானஸ்நானத்தையும் ஏற்றன. 1689-ன் லண்டன் விசுவாச அறிக்கையைப் பின்பற்றும் பாப்டிஸ்டுகள் முதலாவதை ஏற்று இரண்டாவதை மறுத்தார்கள், உங்கள் அண்ணன் நிற்பது அங்கே. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நேர் எதிர்: 1739-ல் முன்குறித்தலுக்கு எதிராகவே பிரசங்கம் செய்தார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தார். 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் தொடங்கிய பொது பாப்டிஸ்ட் வழி இரண்டையுமே விட்டது. ஆகவே ஒன்றை ஏற்றால் மற்றதையும் ஏற்றே ஆகவேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி உங்கள் கேள்வி. சூரிச்சில் 1525 ஜனவரியில் கான்ராட் கிரேபல் தன் நண்பர் ஜார்ஜ் பிளவ்ராக்குக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தபோது அங்கே சீர்திருத்தத்தை நடத்திக்கொண்டிருந்தவர் ஸ்விங்லி. குழந்தை ஞானஸ்நானத்தைக் காக்க அவர் தேடிப் பிடித்த பதில் ஆதியாகமம் 17. ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையின் அடையாளம் எட்டாம் நாள் குழந்தைக்கும் கொடுக்கப்பட்டது, கொலோசெயர் 2:11-12 விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது, அதனால் விசுவாசிகளின் பிள்ளைகளுக்கு அடையாளத்தை மறுக்கக் கூடாது என்றார். கால்வினும் இந்த வழியில்தான் போனார். இதில் பலர் கவனிக்காமல் விடுவது, அதே அதிகாரத்தில் இஸ்மவேலும் விருத்தசேதனம் பெறுகிறான் என்பது. வாக்குத்தத்தத்தின் வரிசை ஈசாக்கு வழியாகத்தான் என்று தேவன் முன்பே சொல்லிவிட்ட பிறகும் அடையாளம் இஸ்மவேலுக்கும் கிடைத்தது. ஏசாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், ஈசாக்கின் வீட்டில் பிறந்த பிள்ளை அல்லவா. எனவே கால்வின் வழியில் பார்த்தால் தண்ணீர் "இவன் தெரிந்துகொள்ளப்பட்டவன்" என்ற சான்றிதழ் ஆகாது. விசுவாசிக்கிறவனுக்குத் தேவன் இன்னதைச் செய்வார் என்ற வாக்கின் முத்திரை அது. பெற்றவன் பின்னால் விசுவாசிக்காமல் போனாலும் கொடுத்த வாக்கு பொய்யாகாது. கால்வின் வழிச் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் 28-ம் அதிகாரம் இன்னும் ஒரு படி போய், ஞானஸ்நானத்தின் பலன் அது கொடுக்கப்படும் அந்த நேரத்தோடு கட்டப்பட்டதல்ல என்கிறது.

கரையோரச் சபை:
நான் பாப்டிஸ்ட். இஸ்மவேல் வாதம் பலமானதுதான், ஆனால் அதுவே எங்கள் பக்கமும் பேசுகிறது. பழைய உடன்படிக்கையில் இஸ்மவேலும் ஏசாவும் உள்ளே இருக்க முடிந்தது, ஏனென்றால் அது மாம்சத்தின் சந்ததியையும் சேர்த்துக்கொண்ட உடன்படிக்கை. எரேமியா 31 சொல்லும் புதிய உடன்படிக்கையில் சிறியவன் முதல் பெரியவன் வரை எல்லாரும் கர்த்தரை அறிந்திருப்பார்கள் என்று இருக்கிறது, எபிரெயர் 8 அதையே எடுத்துச் சொல்கிறது. அறிந்தவர்களுக்குத்தான் அடையாளம் என்றால் முதலில் விசுவாச அறிக்கை வரவேண்டும். சமாரியாவில் பிலிப்பு பிரசங்கித்ததைப் புருஷரும் ஸ்திரீகளும் விசுவாசித்த பிறகு ஞானஸ்நானம் பெற்றார்கள் (அப். 8:12). விசுவாசமே தேவன் தரும் ஈவு என்பதை நாங்களும் ஒத்துக்கொள்கிறோம். யாருக்குத் தருவார் என்பது நமக்குத் தெரியாது, அதனால்தான் தந்தது வெளியே தெரியும்வரை காத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. கிரேபலின் கூட்டாளி பெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரி 5-ல் சூரிச் நகர மன்றம் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. 1529-ல் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில்தான் புராட்டஸ்டண்ட் என்ற பெயரே பிறந்தது, மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டதும் அதே மன்றம். இதை மறந்துவிட்டு இந்த வாதத்தை வசனங்களோடு மட்டும் முடித்துக்கொள்ள என்னால் முடியாது.

தரங்கம்பாடி வழி:
நீங்கள் எல்லாரும் கால்வினுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். நாங்கள் லூத்தரன். முன்குறித்தல் விஷயத்தில் லூத்தர் சளைத்தவர் அல்ல, சுயாதீன சித்தத்துக்காக வாதாடிய அறிஞர் எராஸ்மஸுக்கு 1525-ல் அவர் எழுதிய பதிலைப் படித்தால் மனிதனுடைய சுயாதீன சித்தத்துக்கு அதில் இடமே இல்லை. ஆனாலும் ஞானஸ்நானத்தை வெறும் அடையாளமாக்க அவர் சம்மதிக்கவே இல்லை. அதில் செயல்படுவது தேவன், என் விசுவாசம் ஞானஸ்நானத்தை உண்டாக்குவதில்லை, பெற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று கலங்குகிறவனை தேவனுடைய மறைவான தீர்மானத்துக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லாமல், உன் ஞானஸ்நானத்தைப் பார் என்று சொல்வதுதான் எங்கள் வழி. எங்கள் லூத்தரன் சபைகளின் 1577-ன் கான்கார்ட் அறிக்கையும் தெரிந்துகொள்ளுதல் இரட்சிப்புக்கு மட்டுமே, யாரையும் ஆக்கினைக்கென்று தேவன் முன்குறிக்கவில்லை என்று நிறுத்திக்கொண்டது.

ஆற்றங்கரை:
எல்லாருக்கும் நன்றி. கேட்கத் தயங்கியதையும் கேட்டுவிடுகிறேன். அண்ணனுக்கு முதலில் பிறந்த குழந்தை மறுநாளே போய்விட்டது. அப்போது அண்ணனும் எங்கள் சபைதான், போதகர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் இல்லாமல் போச்சே என்று அம்மா இன்றும் அழுகிறார். அண்ணன் தேவசித்தம் என்று சொல்லும்போது அம்மாவுக்கு இன்னும் பயம்தான் வருகிறது. இதற்கு இவர்கள் என்ன சொன்னார்கள்?

பழைய நூலகம்:
வருத்தமாக இருக்கிறது, சகோதரரே. இந்த இரண்டு சண்டைகளும் உண்மையில் சந்திப்பதே இந்த இடத்தில்தான்.

நெதர்லாந்தில் 1610-ல் ஆர்மீனியஸ் என்ற இறையியலாளரின் சீடர்கள் ஐந்து குறிப்புகளோடு முன்குறித்தல் போதனையை எதிர்த்தார்கள். அதைத் தீர்க்க 1618 நவம்பரிலிருந்து 1619 மே வரை டார்ட் நகரில் சினட் (சபைப் பிரதிநிதிகளின் பேரவை) கூடியது. விசுவாசிகளின் குழந்தைகளைக்கூடத் தேவன் தாயின் மார்பிலிருந்து பறித்து நரகத்தில் போடுகிறார், ஞானஸ்நானமும் சபையின் ஜெபமும் அவர்களுக்கு உதவாது என்று நீங்கள் போதிக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டு சீர்திருத்தச் சபைகள்மேல் இருந்தது. சினட் தன் முடிவுரையில் இதை அப்படியே எடுத்து எழுதி, இது எங்கள் போதனையே அல்ல, இதை வெறுக்கிறோம் என்று மறுத்தது. தன் தீர்மானங்களின் முதல் தலைப்பில் 17-ம் பிரிவில், சிறு வயதிலேயே தேவன் அழைத்துக்கொண்ட பிள்ளைகளின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் பற்றி தேவபக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று எழுதியது. ஞானஸ்நானம் பெற்றிருந்தால் என்ற நிபந்தனை அதில் இல்லை. கால்வினும் அப்படித்தான். சாகும் நிலையில் உள்ள குழந்தைக்கு மருத்துவச்சி அவசரமாக ஞானஸ்நானம் கொடுக்கும் பழைய வழக்கத்தை அவர் ஏற்கவில்லை, காரணம் விசுவாசிகளின் பிள்ளை தண்ணீர் தொடும் முன்பே வாக்குத்தத்தத்துக்குள் இருக்கிறது என்பதுதான்.

உங்கள் அம்மாவின் பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது, ஆங்கிலிக்கன் சபைக்குள்ளேயே அது பெரிய வழக்காகியது. எக்ஸிட்டர் பிஷப் ஹென்றி ஃபில்பாட்ஸ், ஜார்ஜ் கோர்ஹாம் என்ற குருவுக்குத் திருச்சபைப் பொறுப்பைத் தர மறுத்தார், ஏனென்றால் ஞானஸ்நானத்தின் அந்த நொடியிலேயே ஒவ்வொரு குழந்தையும் மறுபடி பிறக்கிறது என்பதைக் கால்வின் வழியில் நின்ற கோர்ஹாம் ஏற்கவில்லை. வழக்கு இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில் வரை போய், கோர்ஹாமின் கருத்து ஆங்கிலிக்கன் சபையின் போதனைக்கு முரணானதல்ல என்று 1850 மார்ச்சில் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பால் மனம் உடைந்தவர்களில் ஒருவரான ஹென்றி மானிங் அடுத்த வருடம் கத்தோலிக்கராகிவிட்டார். சிஎஸ்ஐயில் சேர்ந்தது ஆங்கிலிக்கன்கள் மட்டுமல்ல, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் பாரம்பரியங்களும் 1947-ல் ஒன்றாக வந்தன. அதனால் அம்மாவுக்கு டார்ட்டின் 17-ம் பிரிவைப் படித்துக் காட்டினால் நீங்கள் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்ததாக ஆகாது.

கரையோரச் சபை:
அந்த 17-ம் பிரிவின் ஆறுதலை நானும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் பெற்றோரின் விசுவாசத்தை ஆதாரமாக வைக்க மாட்டேன். அப்படி வைத்தால் விசுவாசியாத பெற்றோரின் குழந்தைக்கு என்ன சொல்வது என்ற கேள்வி நிற்கும். எங்கள் 1689 அறிக்கையின் 10-ம் அதிகாரம், சிறு வயதில் இறக்கும் தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தைகளைக் கிறிஸ்து ஆவியானவரால் மறுபடி பிறக்கச் செய்து இரட்சிக்கிறார் என்று மட்டும் சொல்கிறது, பெற்றோரையும் தண்ணீரையும் அங்கே பேசவில்லை. 1903-ல் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன்கள் சிறு வயதில் இறக்கும் எல்லாக் குழந்தைகளும் தெரிந்துகொள்ளுதலுக்குள் அடக்கம் என்றே அறிவித்தார்கள், பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜனும் அதையே நம்பினார், நானும் அதையே நம்புகிறேன். அண்ணனிடம் இதைப் பற்றி நேராகக் கேளுங்கள். தேவசித்தம் என்று அவர் சொல்வதில் அந்தக் குழந்தையின் இரட்சிப்பும் சேர்ந்திருக்கிறது என்றால் அதை அம்மாவிடம் அவர் வாயாலேயே சொல்லட்டும்.