வில்லுப்பாட்டுக்கு வில்லும் குடமும் தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மரபுக் கலை நிகழ்ச்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்து வருகிறோம். பரதத்துக்கும் பூத்தொடுத்தலுக்கும் கலைஞர்கள் அமைந்துவிட்டார்கள். நெல்லை, குமரி மண்ணின் வில்லுப்பாட்டுக்குத்தான் தடுமாறுகிறோம். கதை சொல்ல உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆயத்தமாக இருந்தாலும், மணிகள் கோத்த வில், அதைத் தாங்கும் மண்குடம், நாணில் அடிக்கும் வீசுகோல், உடுக்கை ஆகியவற்றை இரவல் தரக்கூடியவர் எவரும் இன்னும் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவை ஓடவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். தலைமைப் பாடகர் ஒரு வரி எடுக்க, பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுவதில்தானே அந்தக் கலையின் உயிர் இருக்கிறது என்பதால், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கருவிகளை வைத்திருப்பவர்களையோ, குடத்தின் வாயில் மட்டையால் தாளம் தட்டப் பழக்கித் தரக்கூடிய பெரியவர்களையோ அறிந்திருந்தால், தயவுசெய்து இங்கேயே தெரிவியுங்கள். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா பக்கம் என்றால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். மார்ச் தொடக்கத்திற்குள் கிடைத்தால் பிள்ளைகள் பயிற்சி செய்ய நேரம் இருக்கும்.