புதுப்பிப்பு: அம்மாவின் கருப்பைப் பாலிப், ஆய்வு முடிவு வந்துவிட்டது

மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அம்மாவுக்கு மீண்டும் இரத்தம் பட்டது, ஸ்கேனில் கருப்பைக்குள் பாலிப் (உட்சுவரில் வளரும் சதைத் திரட்சி) தெரிந்தது, இது புற்றுநோயாக இருக்குமோ என்று இங்கே கேட்டிருந்தேன். திங்கட்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் போய் முடிவை வாங்கினோம்.

புற்றுநோய் இல்லை. திரும்பும்போது அம்மா அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்தபடி வந்தார்.

பெரும்பாலான பாலிப்கள் தீங்கற்றவைதாம். பாலிப் உள்ள, மாதவிடாய் நிற்காத பெண்களில் 100 பேரில் ஏறத்தாழ 2 பேருக்கே புற்றணுக்களோ அதற்கு முந்தைய மாற்றமோ இருக்கும். நின்றவர்களில் சுமார் 5 பேருக்கு. இரத்தப்போக்கும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் உட்கொள்பவர்களுக்கும் அப்படியே. ஸ்கேன் மட்டும் உறுதி சொல்லாது. ஹிஸ்டரோஸ்கோப்பி (கருப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் முறை) வழியாகப் பாலிப்பை முழுதாக அகற்றித் திசுவை ஆய்வுக்கு அனுப்பினால்தான் தெரியும்.

அம்மா இதை நான்கு மாதம் மறைத்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மகனிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சமாம். நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும் என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை.

பக்கத்து வீட்டு அத்தைக்கும் இரண்டு மாதமாக இப்படித்தானாம். அம்மாவே வெள்ளிக்கிழமை அவரை அழைத்துப் போகிறார்.