பொங்கல் வாழ்த்தோடு போன இரங்கல் கடிதம்: மட் வார்ப்புருக்களோடு பட்ட அனுபவங்கள்

கருந்திரை எழுதியது:

கல்லூரி ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நாள் முழுக்க டெர்மினல் என்ற கறுப்புத் திரையில்தான் இருப்பேன் என்பதால் மின்னஞ்சலையும் அங்கேயே மட் (Mutt) என்ற அஞ்சல் நிரலில் படித்து, விம் (Vim) என்ற உரைத் திருத்தியில் பதில் எழுதுவது வழக்கம். இரண்டு பொங்கலுக்கு முன் நடந்ததை எழுதுகிறேன். இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது.

அந்த வாரம் சொந்தக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கையொப்பக் கோப்பு செய்தேன். ‘உங்கள் வீட்டிலும் பால் பொங்கட்டும், இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்று ஒரு வரி, கீழே என் பெயர். மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில் ஒரு சென்ட்-ஹுக் (பெறுநரைப் பார்த்துத் தானாக ஓடும் கட்டளை) போட்டு, பெறுநர் எங்கள் உறவினர் பட்டியலில் இருந்தால் இந்தக் கையொப்பத்தை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். சோதித்தும் பார்த்தேன். மாமாவுக்கு எழுதினால் வாழ்த்து வந்தது. மட்டை மூடித் திறந்து அலுவலக முகவரிக்கு எழுதினால் வழக்கமான கையொப்பம் வந்தது. சரி, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை சித்தப்பா, அத்தை என்று ஏழெட்டுப் பேருக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நடுவில், எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் மனைவி காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. அவர் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். உடனே நான்கு வரி எழுதினேன். கீழே இரண்டு சிறு கோடு, அதற்கடியில் கையொப்பம் என்பது தினமும் பார்ப்பதுதானே, அங்கே கண் போகவே இல்லை. ஒய் அழுத்தி அனுப்பிவிட்டேன். அனுப்பியவை பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். இரங்கலுக்குக் கீழே பால் பொங்கட்டும் என்று நிற்கிறது.

காரணம் இதுதான். சென்ட்-ஹுக் ஓர் அமைப்பை மாற்றினால் அந்த மாற்றம் அந்த ஒரு கடிதத்தோடு முடிவதில்லை. வேறொரு கட்டளை வந்து மாற்றும்வரை அப்படியே இருக்கும். பழைய மதிப்பை மட் தானாகத் திருப்பி வைக்காது. நான் சோதித்தபோது நடுவில் மூடித் திறந்ததால் எல்லாம் புதிதாக ஏறிவிட்டது, பிழை தெரியவில்லை.

ஹுக்குகள் கோப்பில் இருக்கும் வரிசையிலேயே ஓடும். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே, எந்த முகவரிக்கும் பொருந்தும்படி வெறும் புள்ளியை வடிவமாகக் கொடுத்து, வழக்கமான கையொப்பத்தை வைக்கும் ஒரு ஹுக் எழுதுங்கள். அப்புறம்தான் உறவினர், அலுவலகம் எல்லாம். கையொப்பம் மட்டுமில்லை, ஹுக்கில் எதை மாற்றினாலும் அதற்கு மேலே ஓர் இயல்பு நிலை இருக்க வேண்டும்.

அன்று மாலை ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசினேன். “நீ எழுதின நாலு வரியைத்தான்பா படிச்சேன்” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, என்னாலும் முடியவில்லை.

---

வரிவடிவம் எழுதியது:

அண்ணா, படித்ததும் மனம் கனத்துவிட்டது. மேலே ஓர் இயல்பு நிலை என்பதை இன்றே என் கோப்பிலும் சேர்த்தேன்.

என் அனுபவம் பதில் கடிதத்தின் தலையில் வரும் மேற்கோள் வரி பற்றியது. மட்டில் அதற்கு அட்ரிபியூஷன் என்று பெயர். கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் குழுவில் இருக்கிறேன். உள்ளே முழுக்கத் தமிழ், தலையில் மட்டும் ஆங்கில வரி என்பது உறுத்தியது. சதவீதக் குறியோடு டி (d) என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் தேதி, என் (n) என்ற எழுத்தைப் போட்டால் எழுதியவர் பெயர். இரண்டையும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால் தமிழ் வாக்கிய அமைப்புக்குத் தடையே இல்லை. முதலில் ‘இன்ன தேதியன்று இன்னார் எழுதினார்’ என்று வைத்தேன்.

குழுவில் பெரியவர்களுக்குப் பொருத்தமாக இருந்தது. என் தம்பிக்குப் பதில் போட்டபோது, “அக்கா, எம்மேல ஏதாவது கோபமா? திடீர்னு மரியாதையெல்லாம் குடுக்கிற” என்று கேட்டான். பிழைப் பதிவு அமைப்பிலிருந்து தானாக வந்த அஞ்சலுக்கும் ‘எழுதினார்’ என்றே போயிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே வினை எல்லாருக்கும் போதும். நம் வினைமுற்று யார், என்ன உறவு என்று கேட்கிறது. கடைசியில் ‘எழுதியது’ என்று மாற்றினேன். தம்பிக்கும் இயந்திரத்துக்கும் பொருந்துகிறது. பெரியவர்களுக்கு மட்டும் ரிப்ளை-ஹுக் வைத்து, பெயருக்குப் பின் ‘அவர்கள்’ சேர்த்தேன்.

இங்கேதான் அரை நாள் போயிற்று. ரிப்ளை-ஹுக் நாம் எழுதப்போகும் கடிதத்தைப் பார்க்காது, எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறோமோ அதைத்தான் பார்க்கும். ஆகவே பெரியவர் முகவரியை அனுப்புநர் இடத்தில் தேடச் சொல்ல வேண்டும். நான் சென்ட்-ஹுக் பழக்கத்தில் பெறுநர் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதத்தில் பெறுநர் நான்தானே!

தேதியில் மாதப் பெயரும் தமிழில் வர அட்ரிபியூஷன்-லோகேல் என்று தனி அமைப்பு இருக்கிறது. தமிழ் இந்தியா அல்லது தமிழ் இலங்கை லோகேல் (மொழி, நாட்டுக்கான அமைப்பு) உங்கள் கணினியில் உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். திரையில் கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தால் அது டெர்மினலின் குறை, கடிதம் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சரியாகவே போய்ச் சேரும். நான் எம்எல்டெர்ம் என்ற டெர்மினலுக்கு மாறிவிட்டேன்.

---

நூலடுக்கு எழுதியது:

நூலகத்தில் வேலை. தவணை தாண்டிய புத்தகங்களுக்கு மாதாமாதம் நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் போன மாதக் கடிதத்தின் மேல் நின்று எஸ்கேப் விசையும் ஈ (e) விசையும் அழுத்துவேன். மட் அந்தக் கடிதத்தையே வார்ப்புருவாக எடுத்துப் புதிய கடிதம் திறக்கும். பெறுநர், நகல் பெறுவோர், இணைப்பு எல்லாம் அதில் அப்படியே வரும் என்பதுதான் சிக்கல். ஒருமுறை பெறுநரை மாற்றினேன், இணைப்பை மாற்றவில்லை. ஒரு வாசகர் எடுத்த புத்தகங்களின் பட்டியல் இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது நூலகத்தை விட்டு வெளியே போகக் கூடாத விஷயம். இருவரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு பழைய கடிதத்தைத் தொடுவதில்லை. வெற்று வார்ப்புருக் கோப்பு ஒன்று. மேலே பெறுநர், பொருள். பிறகு ஒரு காலி வரி. அதன்பின் கடிதம். பெயர் வர வேண்டிய இடங்களில் குறிச்சொற்கள். சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) அவற்றை நிரப்பி, பெரிய எழுத்து எச் என்ற தேர்வோடு மட்டை அழைக்கும். நான் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

அந்தக் காலி வரி மிக முக்கியம். அது விடுபட்டபோது ‘நூல்:’ என்று தொடங்கிய என் முதல் வரியை மட் தலைப்பு வரியாக எடுத்துக்கொண்டது, கடிதத்தில் புத்தகத்தின் பெயரே இல்லை.

---

பழையபைன் எழுதியது:

வயதில் எல்லாருக்கும் மூத்தவன் என்று நினைக்கிறேன். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த பைன் என்ற அஞ்சல் நிரலில் தொடங்கினேன், 2007-இல் அதன் வாரிசாக ஆல்பைன் வந்ததும் அதற்கு மாறினேன், இன்னும் அதில்தான் இருக்கிறேன்.

கருந்திரை தம்பி சொன்ன சிக்கல் இங்கே எனக்கு வந்ததில்லை. ஆல்பைனில் ரோல் என்று ஒன்று உண்டு. அனுப்புநர் முகவரி, கையொப்பம், வார்ப்புரு மூன்றையும் ஒரே ரோலில் கட்டி வைக்கலாம். அது அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும்தான், அடுத்த கடிதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வார்ப்புருவுக்குள் கர்சர் எங்கே நிற்க வேண்டும் என்று குறிக்கவும் ஓர் அடையாளச் சொல் இருக்கிறது. நான் அதை ‘அன்புள்ள’ என்பதற்கு அடுத்து வைத்திருக்கிறேன். கடிதம் திறந்ததும் முதலில் பெயரை எழுதியாக வேண்டும். யாருக்கு எழுதுகிறோம் என்பது அங்கேயே மனதில் வந்துவிடும்.

---

கருந்திரை எழுதியது:

ஐயா, கர்சர் யோசனை அருமை. விம்மிலும் அதைச் செய்துவிட்டேன், திறக்கும்போதே ‘அன்புள்ள’ பக்கத்தில் போய் நிற்கிறது.

மட் பயன்படுத்துவோர் ஹுக் எழுதியபின் மூடாமல் சோதியுங்கள். உறவினருக்கு ஒன்று, உடனே வெளியாருக்கு ஒன்று என்று மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் முக்காற்புள்ளி அழுத்தி, செட் கட்டளையில் கேள்விக்குறியோடு சிக்னேச்சர் என்று கொடுங்கள். அந்த நிமிடம் எந்தக் கையொப்பம் இருக்கிறது என்று கீழ்வரியில் காட்டும். பொங்கல் கோப்பை நான் அழித்துவிட்டேன். வாழ்த்தை இப்போது ஒவ்வொருவருக்கும் கையால்தான் எழுதுகிறேன்.