லடாக் முடிச்சு வீடு திரும்புறோம்: வண்டிக்கு என்னென்ன பார்க்கணும்?

நாவலூர்க்காரன்

வணக்கம். நானும் நண்பனும் மணாலி வழியா லே போய்ட்டு இறங்கிட்டோம், இப்போ நாக்பூர். என் பைக் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, அவனது கிளாசிக் 350. சென்னைக்கு இன்னும் 1,100 கி.மீ. சொச்சம் இருக்கு. வந்த கையோட வாட்டர் வாஷ், அப்புறம் ஜெனரல் சர்வீஸ்னு பிளான். அது போதுமா? அவன் வண்டி மலையில ஒருதரம் சாஞ்சு இடது இண்டிகேட்டரும் கிளட்ச் லீவரும் உடைஞ்சிருக்கு. இன்சூரன்ஸ்ல கேக்கலாமா?

ஒத்தை சிலிண்டர்

வாட்டர் வாஷைக் கடைசியா வைங்க ப்ரோ. எங்க ஆயில் கசியுது, எந்த வெல்டிங் விரிசல் விட்டிருக்குன்னு காட்டிக் கொடுக்கிறதே அந்த அழுக்குதான். கசிவு இருக்கிற இடத்துல புழுதி ஒட்டிக் கறுப்பா ஈரமா நிக்கும். கழுவிட்டா மெக்கானிக்குக்குத் தடயமே கிடைக்காது.

அதுக்கும் முன்னாடி ரோட்டுலயே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. ஹைதராபாத் தாண்டி நார்கட்பள்ளியில அத்தங்கி ரோட்டுக்குத் திரும்பினதும், ஒரு அம்பது கி.மீ. வண்டியை மாத்தி ஓட்டுங்க. சொந்த வண்டி கொஞ்சம் கொஞ்சமாக் கெடும்போது கை அதுக்குப் பழகிடும். பிரேக் லீவர் உள்ள போறது, ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது, ஃபுட்ரெஸ்ட்ல அதிர்வு, இதெல்லாம் அடுத்தவனுக்குத்தான் சட்டுனு தெரியும். டீக்கு நிறுத்தும்போது ரெண்டு பேரும் போன்ல குறிச்சுக்கோங்க. சர்வீஸ் சென்டர்ல "எல்லாம் பாருங்க"ன்னு சொன்னா எதையும் பார்க்க மாட்டாங்க, பட்டியலா நீட்டினா பார்ப்பாங்க.

அப்பவே கிளட்சையும் சோதிங்க. நாலாவது கியர்ல 40-ல போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசா முறுக்குங்க. சத்தம் ஏறுது, வேகம் ஏறலைன்னா பிளேட் தேஞ்சிருக்கு. ரோட்டுக்குக் குறுக்கே தண்ணி ஓடுற மலை ஓடைகள்ல (நாலா) ஹாஃப் கிளட்ச்லயே உருட்டினதோட விளைவு அது.

காத்து: லேல புடிச்சதுக்கப்புறம் கேஜ் வச்சுப் பார்க்கலைன்னா இப்பவே பாருங்க. 3,500 மீட்டர்ல 32 பி.எஸ்.ஐ. காட்டுற டயர், கடல் மட்டத்துக்கு வந்தா வெளிக்காத்தோட அழுத்தம் கூடுறதால 5 பி.எஸ்.ஐ. வரைக்கும் குறைச்சுக் காட்டும். இந்தப் பக்கத்து வெயில் அதுல பாதியைத் திருப்பிக் குடுக்கும், மீதி குறைச்சல்தான். அப்படியே ஓட்டினா டயர் சூடாகும், ஓரம் தேயும். வீட்டுக்கு வந்து லக்கேஜை இறக்கினதும் மேனுவல்ல ஒரு ஆளுக்குப் போட்டிருக்கிற அளவுக்கு மாத்திடுங்க.

செயின் லூப்

மேல சொன்னது சரி. ஆயில், ஏர் ஃபில்டர், செயின் பத்தி நான் சொல்றேன்.

ஆயில் மாத்த கி.மீ. பாக்கி இருந்தாலும் காத்திருக்காதீங்க. முதல்ல இன்ஜின்ல ஆயில் தெரியுற கண்ணாடி ஜன்னல்ல நிறத்தைப் பாருங்க. மோர் மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, அப்போ ஃபில்டரோட சேர்த்து மாத்திட்டுக் கொஞ்சம் ஓட்டி மறுபடியும் பார்க்கணும். கறுப்பா இருந்தா பயமில்லை. இன்ஜின் சூடா இருக்கும்போது இறக்குங்க, டிரெய்ன் போல்ட்டோட வாஷரைப் புதுசாப் போடுங்க.

ஏர் ஃபில்டரைக் காத்தடிச்சுத் திரும்பப் போடுற கஞ்சத்தனம் மட்டும் வேண்டாம். மணாலி-லே ரோட்டுல வர்ற மோரே சமவெளியோட புழுதி மாவு மாதிரி. பேப்பர் மடிப்புல இறங்கினதை வேகமா ஊதினா பேப்பர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அது வழியா மண்ணு சிலிண்டருக்குப் போகும். புதுசு மாத்துங்க. ஃபில்டர் பாக்ஸை உள்ள துடைச்சிட்டு மாட்டுங்க.

செயினுக்கு மண்ணெண்ணெய், கிடைக்கலைன்னா டீசல். பெட்ரோல் கூடாது, லிங்க்குக்குள்ள இருக்கிற ரப்பர் ரிங் கெட்டுடும். சென்டர் ஸ்டாண்டு போட்டு வீலைக் கையாலதான் சுத்தணும். இன்ஜினை ஓடவிட்டுத் துணி பிடிக்கிற வேலை விரலுக்கு ஆகாது. துடைச்சுக் காஞ்சதும் 90 நம்பர் கியர் ஆயில் விட்டு ராத்திரி பூரா விடுங்க, காலையில வெளிய நிக்கிறதைத் துடைங்க. டைட் பார்க்கும்போது வீலைச் சுத்திச் சுத்தி, செயின் ரொம்ப இறுகுற இடத்துலதான் அளக்கணும். ஒரு இடத்துல இறுகி ஒரு இடத்துல தொங்கினா செயின் முடிஞ்சது. ஸ்ப்ராக்கெட்டோட செட்டா மாத்துங்க.

ஸ்போக் வீல்னா ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால தட்டிக் கேளுங்க. "டிங்"னா நல்லது, "டொக்"னா லூஸ். நாலஞ்சு லூஸா இருந்தா நீங்களே திருகாதீங்க, ரிம் கோணிடும். வீல் ட்ரூயிங், அதாவது கோணல் எடுக்கிற வேலை பண்றவர்கிட்ட விடுங்க.

நாவலூர்க்காரன்

நன்றி நண்பர்களே. ஹிமாலயன்ல ஹேண்டில் நேரா வரும்போது லேசா மாட்டுற மாதிரி ஒரு உணர்வு இருக்கு. ஆயில் விட்டா சரியாகுமா?

ஒத்தை சிலிண்டர்

ஆகாது, அது கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புற கழுத்துல இருக்கிற பேரிங். குழியில விழுந்து விழுந்து குண்டுகள் கிண்ணத்துல பள்ளம் போட்டிருக்கு. நேரா ஓட்டுறப்போதான் அதிக அடி, அதனால நடுவுல மாட்டுது. முன் வீலைத் தரையில இருந்து தூக்கி, ஃபோர்க்கோட அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. "டக்"னா லூஸும் சேர்ந்திருக்கு. டைட் வச்சா லூஸ் போகும், பள்ளம் போகாது. கிண்ணம், குண்டு எல்லாம் செட்டா மாத்தி, 500 கி.மீ. ஓடினதும் திரும்ப டைட் பார்க்கச் சொல்லுங்க. செட்டை மாத்துற வரைக்கும் 70-80-க்கு மேல போகாதீங்க.

ஃபோர்க்ல ஆயில் படிஞ்சிருந்தா உடனே ஆயில் சீல் மாத்த வேண்டாம். டஸ்ட் கவரை இறக்கிட்டு, பழைய எக்ஸ்ரே ஷீட்டைச் சின்னதா வெட்டி சீல் உதட்டுக்குள்ள விட்டு ஃபோர்க் குழாயைச் சுத்தி ஒரு சுத்து கொண்டு வாங்க. மண்ணு வெளிய வந்தா பாதி கசிவு அதோட நின்னுடும்.

பாலிசி பேப்பர்

இண்டிகேட்டர், லீவருக்கு க்ளெயிம் போடாதீங்க. சாதாரண பாலிசில பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க, அதுக்கு மேல, ஒவ்வொரு க்ளெயிம்லயும் நம்ம கையில இருந்து போக வேண்டிய கட்டாயக் கழிவு வேற. க்ளெயிம் போடாதவங்களுக்குப் பிரீமியத்துல கிடைக்கிற நோ க்ளெயிம் போனஸ் தள்ளுபடியும் போயிடும், முதல் வருஷத்துக்கே அது 20%. ரெண்டு பாகமும் கடையில அதைவிட மலிவு. ஃபோர்க் வளைஞ்சிருக்கு, சேஸிஸ்ல அடின்னு தெரிஞ்சா மட்டும் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்க, சர்வேயர் பார்க்கிற வரை எதையும் கழட்டாதீங்க.

கணக்கு முடிக்கும்போது பெட்ரோலைப் பாதிப் பாதியாப் போடாதீங்க. ரெண்டு வண்டிக்கும் மைலேஜ் வேற, அவங்கவங்க டேங்க் அவங்கவங்களுக்கு. ரூம், சாப்பாடு, பஞ்சர் கிட், ரெண்டு பேருக்கும் பொதுவா வாங்கின ஸ்பேர்: இது மட்டும் பாதி. பிரிக்காம மிச்சமான டியூப், கேபிள் யார் வண்டிக்குப் பொருந்துதோ அவங்க எடுத்துக்கிட்டுப் பாதி விலையைக் குடுத்துடணும்.