கன்று குடித்த மிச்சமா நமக்கு?

கல்லல்காரர்:
"கன்று வயிறாரக் குடித்து மிஞ்சியதைத்தான் கறக்கிறோம், பசும்பால் யாருக்கும் கெடுதல் செய்யாது" என்று செவலை நேற்று எழுதியதைப் படித்து வயிறு எரிகிறது. மிச்சமா? விடிகாலையில் ஏதாவது ஒரு தொழுவத்தில் போய் நில்லுங்கள். கன்றை அவிழ்த்து ஊட்டவிடுவார்கள். அது நாலு முட்டு முட்டி மடி சுரந்ததும், வாயில் நுரையோடு இழுத்துப்போய் முளையில் கட்டுவார்கள். அதுவும் காளைக்கன்று என்றால் சில வாரந்தான். பிறகு அது எங்கே போகிறது?

செவலை, சிராவயல்:
ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டுத்தான் எங்கள் வீட்டில் கறக்கிறோம். காளைக்கன்று எங்கே என்று தேடுகிறவர் தை மாதம் எங்கள் ஊர் மஞ்சுவிரட்டுக்கு வாருங்கள், திமிலோடு காட்டுகிறேன்.

கல்லல்காரர்:
அங்கே ஓடுவது புலிக்குளம் என்கிற நாட்டுமாட்டு இனம். புலிக்குளம் பசுவின் பாலை நம்பிக் காரைக்குடியில் ஒரு டீக்கடைகூட நடத்த முடியாது. கடைக்குப் பால் வருவது ஜெர்சிக் கலப்பிலிருந்து. அந்தக் காளைக்கன்று எங்கே?

தேவகோட்டை ஆச்சி:
மனிதர் வயிற்றையும் கொஞ்சம் பாருங்கள். உலகத்துப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குச் சிறுவயது தாண்டியதும், பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கவைக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடுகிறது. அவர்களில் பலருக்குப் பால் குடித்தால் உப்புசம், பேதி. தயிர் ஒத்துக்கொள்வது அதில் லாக்டோஸ் குறைவு என்பதால். 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் பாலைச் சோதித்தபோது, அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பு மீறிய மாதிரிகள் அதிகம் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பூஞ்சை பிடித்த தீவனத்தால் வருகிற நஞ்சு அது. காய்ச்சினாலும் போகாது.

செவலை, சிராவயல்:
அதைத் தீவனம் விற்கிறவனிடம் கேளுங்கள் ஆச்சி. கறி மீன் தொடாதவர்களுக்கு பி12 சத்து எங்கிருந்து வருகிறது? பாலும் தயிரும்தானே தருகின்றன? போன மாதம் பால் பணியாரக் குறிப்பு எழுதியதும் நீங்கள்தானே?

தேவகோட்டை ஆச்சி:
பால் பணியாரத்துக்குத் தேங்காய்ப்பால். எங்கள் வீட்டில் பசும்பால் ஊற்றும் வழக்கமே கிடையாது.

கானாடுகாத்தான் வாசகர்:
அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். எங்கள் அப்பத்தா இரண்டையும் கலந்துதான் ஊற்றுவார். தேவகோட்டையில் செய்வது மட்டும்தான் செட்டிநாட்டுப் பக்குவமா?

கல்லல்காரர்:
பணியாரம் கிடக்கட்டும். கேட்டதற்குப் பதில் வரவில்லை. காளைக்கன்று எங்கே?

செவலை, சிராவயல்:
விற்கிறோம் ஐயா! போதுமா? டிராக்டர் வந்து உழவு மாடு ஒழிந்தபோது யார் வாய் திறந்தீர்கள்? பருத்திக்கொட்டை விற்கிற விலையில் உழாத, கறக்காத மாட்டைக் கட்டிப்போட்டு யார் தீனி போடுவது? பெண் கன்றாகவே பிறப்பதற்கும் இப்போது சினை ஊசி வந்துவிட்டது, தெரியுமா?

கல்லல்காரர்:
நேற்று "மிச்சம்" என்றீர்கள், இன்று "விற்கிறோம்" என்கிறீர்கள். யாருக்கு விற்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். காளைக்கன்றே பிறக்காமல் ஊசி போடுவதுதான் உங்கள் ஊரில் கோமாதா பக்தியா?

செவலை, சிராவயல்:
பக்தியைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். ஊருணி தூர்வாரும் பேச்சு வந்தபோதும் இப்படித்தான் எல்லாரையும் குற்றவாளியாக்கினீர்கள், கடைசியில் மண்வெட்டி பிடிக்க வரவில்லை.

கல்லல்காரர்:
ஊருணிக்குப் பணம் கட்டியவர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, உங்கள் பெயரைத்தான் காணோம்.

கானாடுகாத்தான் வாசகர்:
ஆச்சி, பணியாரத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.