தொடுப்பேடும் பரணும்: வலைத்தொடுப்புகளைச் சேர்த்துவைக்கும் நீட்டிப்புக்கு என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வலைத்தொடுப்புகளை (லிங்க்) சேமித்து ஒழுங்குபடுத்த எந்த உலாவி நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) நல்லது என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த வகைக் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் என்று இன்னொருவர் கேட்டார். இரண்டும் தனித்தனி இழையாகப் பிரிந்துவிட்டன. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ஒரு கருவி எதை எடுத்து வைக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிட்டால், எதை நிறுவுவது என்ற குழப்பத்தில் பாதி தீரும். அதனால் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

> "புத்தகக்குறி மேலாளர்" போதாதா? ஃபயர்பாக்ஸ் தமிழில் புத்தகக்குறிதானே இருக்கிறது?

இருக்கிறது. குரோமின் தமிழ் இடைமுகம் "புக்மார்க்" என்றே வைத்துக்கொண்டது. உலாவிக்குள் நட்சத்திரத்தை அழுத்திக் குறிப்பதற்குப் புத்தகக்குறி பழகிவிட்ட சொல், அதை அசைக்க வேண்டாம். ஆனால் நாம் பேசும் கருவிகள் அந்த உருவகத்தைத் தாண்டி வந்து வெகுகாலம் ஆகிறது. புத்தகக்குறி என்பது படித்துக்கொண்டிருக்கும் நூலில் நிறுத்திய இடத்தைக் காட்டுவது. இங்கே நாம் இன்னும் படிக்காத பக்கங்களைச் சேர்க்கிறோம், ஆயிரக்கணக்கில் சேர்க்கிறோம், குறிச்சொல் (டேக்) இடுகிறோம், பிறரோடு பகிர்கிறோம்.

ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரே பெயர் இருந்ததில்லை என்பதையும் மறக்க வேண்டாம். 1993-ல் வந்த மொசைக் உலாவி இதை "ஹாட்லிஸ்ட்" என்றது. அடுத்த ஆண்டு வந்த நெட்ஸ்கேப் "புக்மார்க்" என்றது. மைக்ரோசாஃப்ட் "ஃபேவரிட்ஸ்" என்று வைத்து, இன்றைய எட்ஜ் வரைக்கும் அதையே தொடர்கிறது. பட்டியல், குறி, விருப்பம் என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஆகவே அவர்களுடைய சொல்லை அப்படியே பெயர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. கருவியின் வேலையைப் பார்த்துப் பெயர் வைக்கலாம்.

> "இணைப்புச் சேமிப்பான்" எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் வேறாகவும் புரியும். மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, வீட்டுக்கு வரும் இணையமும் இணைப்பு. "உங்கள் இணைப்பு சேமிக்கப்பட்டது" என்று ஒரு நீட்டிப்பு அறிவித்தால், எது சேமிக்கப்பட்டது என்று பயனர் ஒரு நொடி நின்று யோசிப்பார். இடைமுகச் சொல்லுக்கு அந்த ஒரு நொடி அதிகம். "சுட்டி" என்று வலைப்பதிவுக் காலத்தில் நிறையவே எழுதினோம். ஆனால் கையில் பிடிக்கும் மவுசும் சுட்டி, நிரலாக்கத்தில் நினைவக முகவரியைக் காட்டுவதும் சுட்டி. இன்னொரு சுமையை அது தாங்காது.

"குறியேடு" என்று ஒருவர் முன்வைத்திருந்தார். முதலில் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்தது. சின்னது, அழகானது. ஆனால் "குறியீடு" என்ற சொல் கணினித் தமிழில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஓர் எழுத்தின் உயிர்க்குறி மட்டுமே மாறும் இரண்டு சொற்களை ஒரே திரையில் வைத்தால் படிப்பவர் தடுமாறுவார், தட்டச்சு செய்பவர் அதைவிட.

என் முன்மொழிவு "தொடுப்பேடு".

தொடுப்பு என்றால் வலைத்தொடுப்பு. ஏடு என்பதன் வேலை நமக்கு நன்றாகத் தெரியும்: பதிவேடு, பேரேடு, குறிப்பேடு, நாளேடு. ஒரு வகைத் தகவலை வரிசையாக எழுதி, வேண்டும்போது புரட்டி எடுப்பதற்கு இந்த ஈறு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. வேற்றுமை உருபுகளும் பன்மை விகுதியும் தொல்லையில்லாமல் சேர்கின்றன: தொடுப்பேட்டில், தொடுப்பேட்டை, தொடுப்பேடுகள்.

> பேச்சுவழக்கில் "தொடுப்பு" என்றால் வேறு பொருள் வருமே.

வரும். இந்தத் தயக்கம் நியாயமானது, ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது. ஆனால் வழக்குத் தொடுக்கிறோம், கணை தொடுக்கிறோம், வினாக்களைத் தொடுக்கிறோம், பூவும் தொடுக்கிறோம். எங்கேயும் யாரும் நெளிவதில்லை. சொல் நிற்கும் இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. அதுவும் ஏட்டோடு சேர்ந்துவிட்டபின் அந்தப் பேச்சுப்பொருள் தலைநீட்ட வாய்ப்பு குறைவு. "வலைத்தொடுப்பேடு" என்று முழுதாக எழுதத் தடையில்லை. பொத்தானில் இடம் போதாது என்பதால் குறுகிய வடிவத்தை முன்வைக்கிறேன்.

இனி, எனக்கு இதைவிட முக்கியமாகப் படும் பிரச்சினைக்கு வருகிறேன். எல்லா நீட்டிப்புகளையும் தொடுப்பேடு என்று அழைக்கக்கூடாது. சில கருவிகள் பக்கத்தின் முகவரியை மட்டும் எழுதி வைக்கின்றன. சில பக்கத்தையே நகலெடுத்து வைக்கின்றன. "சேமி" என்ற ஒரே பொத்தானுக்குப் பின்னால் இந்த இரண்டு வேலைகளும் ஒளிந்திருக்கின்றன. பயனருக்கு வித்தியாசம் தெரிவதே பக்கம் காணாமல் போன அன்றைக்குத்தான்.

பக்கங்கள் காணாமல் போவது அபூர்வமும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பிறகு கிடைக்கவில்லை. அதாவது, பத்தாண்டு பழைய தொடுப்பேடு ஒன்றைத் திறந்தால் அதில் கணிசமான வரிகள் வெற்று முகவரிகளாகத்தான் இருக்கும்.

நகலெடுக்கும் வகைக்குச் சொல் தேடி நாம் வெளியே அலைய வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவின் மேற்கோள்களில் "பரணிடப்பட்டது" என்று பார்த்திருப்பீர்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் இயந்திரத்தில் இருக்கும் பழைய நகலுக்குத் தொடுப்பு தரும் இடத்தில் வருவது. பரண் என்ற பெயர்ச்சொல்லும் பரணிடு என்ற வினையும் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன, எண்ணற்ற கட்டுரைகளின் அடிக்குறிப்பில் இருக்கின்றன. அதை எடுத்துக்கொள்வோம். பக்கத்தின் நகலைக் காக்கும் கருவி "பரண்", அந்தச் செயல் "பரணிடு".

> பரண் என்றால் வேண்டாததைத் தூக்கிப் போடும் இடம் இல்லையா? காப்பகம் என்றால் மரியாதையாக இருக்குமே, ஐயா.

காப்பகம் நல்ல சொல்தான். ஆனால் அது நிறுவனத்தைக் குறிக்கும் சொல்: ஆவணக் காப்பகம், குழந்தைகள் காப்பகம். ஒருவர் தன் உலாவிக்குள் வைத்துக்கொள்ளும் சின்னச் சேமிப்புக்கு அது பெரிய சட்டை. அதைவிட, காப்பகத்திலிருந்து கையடக்கமான வினை கிடைக்காது. "காப்பகப்படுத்து" என்று ஒரு பொத்தானில் எழுதிப் பாருங்கள். "பரணிடு" நாலே எழுத்து. பரணில் போட்டது தினமும் கையில் படாது, தேடினால் இருக்கும். இந்த வகைக் கருவியிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுதான்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அப்புறம் படிக்க எடுத்து வைப்பது. இதற்கு "வாசிப்பு வரிசை" போதும். படித்ததும் வரிசையிலிருந்து வெளியேற வேண்டும் என்பதே இதன் இயல்பு. தொடுப்பேடு வளர்ந்துகொண்டே போகும், வரிசை குறைய வேண்டும். இந்த இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான படிக்காத பக்கங்களுக்கு நடுவே வேண்டியதைத் தேடுபவர்கள் நிறையப் பேர்.

சரி, இந்தப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அப்புறம் படிக்கப் பக்கங்களை எடுத்து வைக்கும் சேவையான பாக்கெட் 2007-ல் "ரீட் இட் லேட்டர்" என்ற ஃபயர்பாக்ஸ் நீட்டிப்பாகத் தொடங்கியது. 2017-ல் மொசில்லா அதை வாங்கியது, 2025 ஜூலையில் மூடியது. பயனர்களுக்கு ஏற்றுமதிக் கோப்பு கொடுத்தார்கள். அதில் தொடுப்புகளும் தலைப்புகளும் குறிச்சொற்களும் இருந்தன, கட்டுரைகளின் உரை இல்லை. அதைப் பரண் என்று நம்பி வைத்திருந்தவர்கள் கடைசியில் ஒரு தொடுப்பேட்டோடு வெளியே வந்தார்கள். இது ஒன்றே போதும், இந்த இரு சொற்களும் ஏன் பிரிந்து நிற்க வேண்டும் என்பதற்கு.

ஆகவே, நண்பரே, முதலில் உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்யுங்கள். அடிக்கடி போகும் தளங்களும் வேலைக்கான பக்கங்களும்தான் என்றால் தொடுப்பேடு போதும். ரெயின்டிராப் இந்த வகையில் பார்க்க அழகானது, கோப்புறையும் குறிச்சொல்லும் இரண்டும் உண்டு. பக்கத்தின் நிரந்தர நகல் அதில் கட்டணத் திட்டத்துக்கு மட்டும்தான், அதாவது இலவசமாகப் பயன்படுத்தினால் அது தொடுப்பேடு, பணம் கட்டினால் பரணும் சேரும். சொந்த வழங்கி (சர்வர்) வைத்திருப்பவருக்கு லிங்க்டிங் எளிமையானது. உலாவியின் புத்தகக்குறிகளே எல்லாக் கணினியிலும் ஒத்திருந்தால் போதும் என்பவருக்கு ஃப்ளாக்கஸ். கட்டுரையின் உரை வேண்டும் என்றால் வாலாபேக், கட்டற்ற மென்பொருள். ஒரு பக்கத்தைப் படங்களோடு ஒரே கோப்பாகத் தன் கணினியிலேயே பரணிட சிங்கிள்ஃபைல் மாதிரி நேர்மையான கருவி குறைவு. அது மூடப்பட்டாலும் உங்கள் கோப்புகள் உங்களிடம் இருக்கும்.

எதை எடுத்தாலும் நிறுவுவதற்கு முன் அனுமதிகளைப் படியுங்கள். எல்லா வலைத்தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் ஒரு நீட்டிப்பு கேட்டால், முகவரியை மட்டும் எழுதிவைக்கும் தொடுப்பேட்டுக்கு அது எதற்கு என்று கேளுங்கள். பொத்தானை அழுத்தும்போது திறந்திருக்கும் தாவலை மட்டும் பார்க்கும் குறுகிய அனுமதி ஒன்று உண்டு, பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும். பரணுக்குக் கூடுதல் அனுமதி தேவைப்படலாம், அங்கே நியாயம் இருக்கிறது. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்டிப்பை நிறையப் பேர் நம்பி வைத்திருந்தார்கள். அது 2020-ல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீநிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதைக் குரோமின் நீட்டிப்புக் கடையிலிருந்து நீக்கியது. நீட்டிப்பு பழையதாகவே இருக்கும், உரிமையாளர் மாறிவிடுவார். அப்போது முன்பே கொடுத்த அனுமதி புதியவர் கைக்குப் போகிறது.

அடுத்தது ஏற்றுமதி. நெட்ஸ்கேப் காலத்துப் புத்தகக்குறிக் கோப்பு வடிவம் இன்னும் உயிரோடு இருக்கிறது. முதல் வரியில் நெட்ஸ்கேப்பின் பெயரோடு தொடங்கும் சாதாரண எச்டிஎம்எல் கோப்பு அது. இன்றைய உலாவிகள் அதை எழுதுகின்றன, படிக்கின்றன. அந்த வடிவத்தில் ஏற்றுமதி செய்யாத தொடுப்பேட்டைத் தொடவே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: கோப்புறைகள் அதில் பத்திரமாகப் பயணிக்கும், குறிச்சொற்களுக்கு அந்த உறுதி இல்லை. ஃபயர்பாக்ஸில் 2008-ல் வந்த 3-ஆம் பதிப்பிலிருந்தே குறிச்சொல் உண்டு, குரோமில் அந்த வசதியே கிடையாது. எல்லாவற்றையும் குறிச்சொல்லால் மட்டும் ஒழுங்குபடுத்துபவர் உலாவி மாறும்போது வெறும் நீளப் பட்டியலோடு நிற்க நேரும். பெரிய பிரிவுகளுக்குக் கோப்புறை, உள்ளே நுணுக்கத்துக்குக் குறிச்சொல் என்று வைப்பது பாதுகாப்பு. (தொடுப்புகளைச் சேமித்துப் பகிரும் தளமான டெலிஷியஸ் 2003-ல் தொடங்கிக் குறிச்சொல்லைப் பரப்பியபோது கோப்புறையே தேவையில்லை என்று பலரும் நம்பினோம். அந்தத் தளமே 2017-ல் அதே வகைத் தளமான பின்போர்டின் கைக்குப் போனது.)

நீட்டிப்பா, நீட்சியா என்ற விவாதத்தை இந்த இழையில் மறுபடி தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீட்சி எனக்கும் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் குரோமின் தமிழில் நீட்டிப்பு என்று பழகிவிட்டது. புதுச்சொல் ஒன்றை அறிமுகம் செய்யும்போது பக்கத்தில் இருக்கும் பழகிய சொல்லையும் மாற்றினால் இரண்டுமே நிற்காது.

சொற்கள் வாக்கியத்தில் நடக்கின்றனவா என்று பார்க்க, ஒரு நீட்டிப்பில் வரக்கூடிய சில தொடர்கள்:

இந்தப் பக்கத்தைத் தொடுப்பேட்டில் சேர்.
இந்தத் தொடுப்பு ஏற்கெனவே ஏட்டில் உள்ளது.
பக்கத்தைப் பரணிடு.
மூலப் பக்கம் கிடைக்கவில்லை. பரணில் உள்ள நகலைத் திற.
வாசிப்பு வரிசையிலிருந்து நீக்கு.
தொடுப்பேட்டை ஏற்றுமதி செய்.

நான் உரக்கப் படித்துப் பார்த்தேன், நான்காவது தொடர்தான் எனக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது. என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்பது இரண்டும் அதில் உடனே விளங்குகின்றன.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பலருடைய தொடுப்புகளைச் சேர்த்துப் பகிரும் தொகுதிக்கு "தொகுப்பு" என்றுதான் கை தானாக எழுதுகிறது. ஆனால் விக்கியில் "தொகு" என்றால் திருத்து என்று பழகிவிட்டோம், அந்தப் பொத்தானும் பக்கத்திலேயே வரும். "திரட்டு" என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். பல இடத்திலிருந்து சேர்த்தது என்ற பொருள் அதில் நேராக வருகிறது. ஆனால் வலைப்பதிவுகளைத் தானாகத் திரட்டிக் காட்டிய தளங்களைத் "திரட்டி" என்றோம், தமிழ்மணத்தை அப்படித்தான் சொன்னோம். தானாகச் சேர்வதும் கையால் சேர்ப்பதும் இங்கே கலந்துவிடுமோ என்று தயங்குகிறேன். திரட்டிகளைப் பயன்படுத்தியவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்.