சோளம் கொட்டி, பரண் கட்டி, வில்லால் பன்னி அடிப்பது நம்ம மலையில் நடக்குமா?

ஏலக்காட்டான்_கம்பம்மெட்டு

எல்லோருக்கும் வணக்கம். கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டி இடுக்கிப் பக்கம் எங்கள் நிலம். மேட்டில் ஏலம், கீழே ஓடையோரப் பள்ளத்தில் மரவள்ளி, சேம்பு, கொஞ்சம் நேந்திரன் வாழை. அப்பா கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்து போய்ப் பார்த்துக்கொண்டார். நான் இங்கேயே குடியிருந்து பார்க்கிறேன்.

பன்னித் தொல்லை தாங்க முடியவில்லை. மரவள்ளித் தண்டை நெஞ்சால் தள்ளிச் சாய்த்துவிட்டு, கிழங்கு இருக்கும் இடத்தை மூக்கால் கிளறி எடுக்கிறது. ஒரு செடியின் கிழங்கை முழுதாகத் தின்னாமலே அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. விடிந்து போய்ப் பார்த்தால் பாதி கடித்த கிழங்கு மண்ணோடு கிடக்கும், கடிபட்ட இடம் கறுத்திருக்கும். ஏலத்தைத் தின்பதில்லை. ஆனால் மண்புழுவுக்காகத் தூரின் அடியைத் தோண்டும்போது தரையில் படர்ந்திருக்கும் சரமெல்லாம் மிதிபட்டுப் போகிறது. காய் பிடிக்கும் நேரத்தில் அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அமெரிக்காவில் அடர்ந்த காட்டுக்குள் மக்காச்சோளம் கொட்டி, மரத்தில் உட்கார்ந்து, வில்லால் பன்னி அடிக்கும் வீடியோக்கள் பார்த்தேன். சத்தம் இல்லை, வெடி இல்லை. துப்பாக்கி லைசென்சுக்கு அலைய வேண்டியதும் இல்லை என்று நினைத்தேன். நம் சோலையோரத்தில் இதைச் செய்ய முடியுமா? அந்த வித்தை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளபடி சொல்லுங்கள்.

குமுளி_மலைச்சரக்கு

தம்பி, வித்தையை அப்புறம் பேசுவோம், முதலில் சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இதற்கான முயற்சி, எல்லாமே வேட்டைதான். நீங்கள் அம்பு விடவே வேண்டாம், பன்றி வரட்டும் என்று சோளத்தைக் கொட்டிவிட்டுப் பரணில் ஏறினாலே குற்றம் ஆகிவிட்டது. மூன்று வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். சரணாலயத்துக்குள் போய்விட்டால் இன்னும் கடுமை.

காட்டுப்பன்றியைத் தொல்லை விலங்கு என்று அறிவிக்கச் சொல்லிக் கேரளா பல தடவை கேட்டும் மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் 2022 மே மாதம் வேறு வழி எடுத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவருக்கும் நகராட்சித் தலைவருக்கும் கௌரவ வனவிலங்கு வார்டன் அதிகாரம் கொடுத்து, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவர்களே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். சுடுபவர் உரிமம் உள்ள துப்பாக்கிக்காரராக இருக்க வேண்டும். வெடி, விஷம், மின்சாரம் மூன்றும் கூடாது. அந்த உத்தரவு காலக்கெடுவோடு நீட்டித்து நீட்டித்து வருவது, இன்றைய நிலையைப் பஞ்சாயத்து ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நிலம் கேரளாவில் இருப்பதால் உங்களுக்கு உள்ள வழி இதுதான். இதில் வில்லுக்கு இடமே இல்லை.

பைன்காடு_உத்தமபாளையம்

நான் உத்தமபாளையத்துக்காரன். இப்போது இருப்பது கிழக்கு டெக்சாஸ். தம்பி பார்த்த வீடியோவில் வரும் மாதிரிக் காடுதான் எங்கள் பக்கம்: பைன், ஓக், அடியில் முள்கொடிப் புதர், ஓடைப் பள்ளங்கள். சீசன் தவறாமல் வில்லெடுத்துப் பரண் ஏறுகிறவன் நான். வித்தையைக் கேட்டீர்கள், உள்ளபடி சொல்கிறேன். இங்கே இது சட்டப்படி சரி. தனியார் நிலத்தில் சொந்தக்காரர் சம்மதம் இருந்தால் போதும், 2019 செப்டம்பரிலிருந்து பன்றிக்கு வேட்டை லைசென்ஸ்கூடத் தேவையில்லை.

இரை என்றால் பெரும்பாலும் மக்காச்சோளம். பேட்டரி ஃபீடர் ஒன்றைத் தொங்கவிட்டால் தினமும் பொழுது சாய ஒரே நேரத்தில் சோளத்தைச் சுற்றி இறைக்கும், பன்றி அந்த நேரத்தைப் பழகிக்கொள்ளும். சிலர் சோளத்தைத் தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட் போட்டு வாளியில் புளிக்க வைப்பார்கள். அந்த நாற்றம் ரொம்ப தூரம் போகும், மான் அதை அவ்வளவாகச் சீண்டாது. கம்பம் நடுகிற மாதிரி ஆழக் குழி தோண்டி அதில் ஊற்றி மண்ணை மூடிவிட்டால், பன்றி தலையைக் குழிக்குள் விட்டுக் கிளறிக்கொண்டே நிற்கும். வில்லுக்கு அந்த நிற்பது முக்கியம். 15, 20 கஜத்துக்குள் அசையாமல் பக்கவாட்டில் நின்றால்தான் அம்பு விடலாம்.

இரையைவிடப் பெரிய விஷயம் காற்று. பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு அபாரம். கூட்டம் வரும்போது முன்னால் வருகிற பெரிய பெட்டை, இரை போட்ட திடலின் ஓரத்தில் நின்று மூக்கைத் தூக்கும். பின்னால் குட்டிகள் முட்டி மோதும், அது நகராது. காற்று நம் பக்கமிருந்து போனால் ஒரே ஒரு உறுமல், அவ்வளவுதான், புதர் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒத்தப்பன்றி இன்னும் கெட்டி. நேராக இரைக்கு வராது, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து மோந்து பார்த்த பிறகுதான் வெளியே தலை காட்டும். அதனால் ஒரு இரைக்கு இரண்டு பரண் வைத்து, அன்றைய காற்றைப் பார்த்து எதில் ஏறுவது என்று முடிவு செய்வோம். காற்று மாறினால் இறங்கி வீட்டுக்குப் போவோம்.

அம்பு விடும் இடம் மான் மாதிரி இல்லை. பன்றியின் இதயமும் நுரையீரலும் இன்னும் கீழே, இன்னும் முன்னால் இருக்கும். முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால், வயிற்றுக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். பெரிய ஆண் பன்றிக்குத் தோளின் மேல் கேடயம் என்று ஒன்று உண்டு. வயதாக ஆக இறுகித் தடிக்கும் குருத்துத் திசு அது, தொட்டுப் பார்த்தால் டயர் ரப்பர் மாதிரி இருக்கும். எதிரிப் பன்றியின் கோரைப்பல் இறங்காமல் இருக்க இயற்கை கொடுத்தது. அதில் அம்பு குத்தினால் உள்ளே போகாது. அதனால் பன்றி சற்றே நமக்கு முதுகு காட்டி, நம் பக்கத்து முன்னங்காலை முன்னால் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கணம் வரவில்லை என்றால் விடக்கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை. குறை உயிரோடு முள்ளுக்குள் போய் நாள்கணக்கில் துடிக்கிற விலங்கை நினைத்தால் வேட்டை என்ற சொல்லே கசந்துவிடும்.

சரியாகப் பட்டாலும் உடனே விழாது, ஓடும். கொழுப்பும் மயிரும் காயத்தை அடைத்துக்கொள்வதால் தரையில் ரத்தம் குறைவாகத்தான் சொட்டும். முழங்கால் உயரத்தில் இலைகளின் பக்கவாட்டில் தீற்றியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதுவும் அரை மணி நேரம் பொறுத்து. அறுக்கும்போது கையுறை கட்டாயம். புருசெல்லோசிஸ் என்ற நோய் பன்றி ரத்தத்திலிருந்து மனிதருக்கு ஒட்டும்.

இப்போது தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு செய்தும் பயிர் காப்பாற்றப்படுகிறதா? இல்லை. டெக்சாஸில் பன்றி 20 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பீடு. ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால்தான் தொகை ஏறாமல் நிற்கும் என்பது இங்கே சொல்கிற கணக்கு. அம்பால் ஒரு மாலைக்கு ஒரு பன்றி. மிச்சக் கூட்டம் அந்தத் திடலை மறக்காது, நடுச்சாமத்துக்கு நேரத்தை மாற்றிக்கொண்டு வரும். பயிரை நம்பிப் பிழைக்கிறவர்கள் இங்கேயும் வில்லை நம்புவதில்லை. பெரிய வட்டக் கூண்டு வைத்து, கூட்டம் மொத்தமும் உள்ளே போய்ப் பழகும்வரை காத்திருந்து கதவை விழ விடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே பன்றி வந்தேறி. 1539இல் ஸ்பெயின்காரர் தெ சோட்டோ புளோரிடாவில் இறங்கியபோது கூடவே ஓட்டி வந்தார். இந்தக் காட்டுக்கு அது தேவையில்லை. நம் மலையில் அப்படி இல்லை. பெரியாறு, மேகமலைக் காடுகளில் அது புலிக்கும் செந்நாய்க்கும் சாப்பாடு. இங்கே சோளம் போட்டால் மான் வரும், ரக்கூன் வரும். கம்பம்மெட்டில் போட்டால்? கரடி வரும், மிளா வரும், அது யானை நடமாடுகிற இடமாகவும் இருந்துவிட்டால்? 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்ததை நினைத்துப் பாருங்கள். அது பன்றிக்கென்று வைத்த அவுட்டுக்காய், தின்பண்டத்துக்குள் மறைத்த வெடி. இரையை வைக்கிறவன் யாருக்கு வைத்தான் என்பது கடிக்கிற வாய்க்குத் தெரியாது.

ஏலக்காட்டான்_கம்பம்மெட்டு

அண்ணே, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை, நன்றி. வில் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனால் மரவள்ளி பிடுங்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்தில் வேலியில் நேராகக் கரண்ட் விடச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

புளியரை_வயக்காடு

கரண்ட் வேண்டவே வேண்டாம் தம்பி. 2025 ஜூனில் மலப்புரம் வழிக்கடவில், பன்றிக்கு வைத்த மின்கம்பியில் பள்ளிக்கூடம் படிக்கிற பையன் செத்துப்போனான். மீன் பிடிக்கப் போன பிள்ளை. பன்றி செத்தாலும் ஜெயில், பிள்ளை செத்தால் ஆயுசுக்கும் தூக்கம் வராது. சோலார் வேலி என்று விற்கிறார்களே, விட்டுவிட்டு அடிக்கிற பெட்டி வைத்தது, அது வேறு. அதில் ஷாக் உண்டு, ஆளைக் கொல்லாது. அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் குட்டி நுழையும், குட்டியின் பின்னால் தாய் முட்டிக்கொண்டு வரும். கம்பியில் புல் தொட்டால் அன்றைக்கே வெட்டிவிட வேண்டும்.

பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். கொஞ்ச நாள் கேட்கும், அப்புறம் பழகிவிடும். இடத்தை மாற்றி மாற்றிக் கட்டினால் இன்னும் கொஞ்ச நாள்.

பைன்காடு_உத்தமபாளையம்

புளியரைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. நான் பரணில் கற்றதில் தம்பிக்கு உதவுவது ஒன்று உண்டு. இங்கே இலையுதிர் காலத்தில் ஓக் காய் கொட்டத் தொடங்கினால் பன்றி சோளத்தைத் திரும்பிப் பார்க்காது. எத்தனை மூட்டை இறைத்தாலும் திடல் காலிதான், அது ஓக் மரத்தடியிலேயே கிடக்கும். எங்கே நல்ல வாசனை வருகிறதோ அங்கே போவதுதான் அதன் புத்தி. அதை வைத்து உங்கள் தோட்டத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் பழுத்து விழுகிற பலா எத்தனை மரத்தடியில் அழுகிக் கிடக்கிறது? அதுதான் ஃபீடர். பன்றியைப் பள்ளத்துக்குக் கூட்டி வருவது பலாவின் மணம், வந்த பிறகு கண்டுபிடிப்பது மரவள்ளி. பழுக்குமுன் இறக்கிவிடுங்கள், விழுந்ததை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாழைத்தார் வெட்டிய இடத்தில் அழுகல் பழம், வீட்டுக் குப்பைக்குழி, எல்லாமே இதில் சேரும்.

அப்புறம் காவலுக்கு உட்காருகிறீர்கள் என்றால் எங்களுக்கு நேர் எதிராகச் செய்யுங்கள். நாங்கள் பன்றிக்கு மணம் போகாத பக்கம் உட்காருவோம். நீங்கள் காற்று உங்களைத் தாண்டிப் பள்ளத்துக்குப் போகிற இடத்தில் குடிசை போடுங்கள். மலையில் பொழுது சாய்ந்து தரை குளிர்ந்தால் காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். அதனால் காவல் குடிசை மேல்பக்கம், ஏலத்தின் ஓரமாக இருக்கட்டும். ஆளும் புகையும் நாயும் சேர்ந்த மணம் ராத்திரி முழுக்கப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். இதுவே எப்போதைக்கும் போதாது, பழகிப்போகும். ஆனால் கிழங்கு முற்றுகிற அந்தக் கடைசி வாரங்களைக் கடத்த உதவும்.

ஏலக்காட்டான்_கம்பம்மெட்டு

பலா மூன்று மரம் ஓடையோரத்திலேயே நிற்கிறது அண்ணே. யாரும் பறிப்பதே இல்லை. நாளைக்கே ஆள் விட்டு இறக்கச் சொல்கிறேன்.

குமுளி ஐயாவுக்கு ஒரு கேள்வி. பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்துப் பன்னியைச் சுட்டால் கறியை என்ன செய்வது? அப்புறம் என் மச்சான் நிலம் கீழே தேனி மாவட்டக் கூடலூரில், தமிழ்நாட்டுப் பக்கம். அவரும் பஞ்சாயத்திலேயே கேட்கலாமா?

குமுளி_மலைச்சரக்கு

கறியைத் தொடக் கூடாது தம்பி. ஆழக் குழி எடுத்துப் புதைக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். விற்றாலோ தின்றாலோ வாங்கிய அனுமதி உங்களைக் காப்பாற்றாது. சுடுவதற்கு முன் குட்டிக்குப் பால் கொடுக்கிற பெட்டையா என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கும்போது மிதிபட்ட ஏலச் சரத்தையும் கிளறின மரவள்ளித் தூரையும் தேதியோடு போட்டோ எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள், மெம்பரையும் கையோடு கூட்டிப் போங்கள். வேலை சுறுசுறுப்பாக நடக்கும்.

மச்சான் கதை வேறு. தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தலைவர் சுட அனுமதி தர முடியாது. 2025 ஜனவரியில் சட்டசபையில் அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். மூன்றுக்கு மேல் என்றால் மட்டும் சுடலாம், அதையும் வனத்துறை ஆட்கள்தான் செய்ய வேண்டும். கூடலூரில் மலையடிவாரத்தை ஒட்டிய நிலம் என்றால் பெரும்பாலும் முதல் ஒரு கிலோமீட்டருக்குள்தான் வரும். அவர் வி.ஏ.ஓ.விடம் புல எண்ணைக் கொடுத்துக் காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு ரேஞ்ச் ஆபீசுக்குப் போகட்டும். அதற்குள் சோலார் வேலிக்கு விண்ணப்பம் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.